மூன்று கல், பதினைந்து புளியங்கொட்டை



2023 டிசம்பர் 17, 18 என்று சொன்னால் நம் பக்கத்து ஆட்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு நின்றது. ஏரலுக்குள் ஆறு வந்தது. அதைப் பற்றி எழுத வேண்டியவர்கள் எழுதிவிட்டார்கள். இழந்தவர்கள் இன்னும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த நாட்களில் எங்கள் வீட்டு மாடியில் நடந்த ஒரு சின்ன காரியத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு கல்யாணத்துக்காக வந்த பேரன் எங்களோடு மாட்டிக்கொண்டான். சென்னையில் இரண்டாம் வருஷம் இன்ஜினியரிங் படிக்கிறவன். முதல் நாள் ராத்திரியே போன் செத்துவிட்டது. மறுநாள் மத்தியானம் லேப்டாப்பும் போய்விட்டது. கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல யாரும் இல்லை. கைப்பிடிச் சுவர் ஓரமாக அவன் நடந்த நடையைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு செங்கல் துண்டை எடுத்து மாடி அறைத் தரையில் நாலு கோடு இழுத்தேன்.

"என்ன தாத்தா இது, கூடாரமா?"

"புலிக்கட்டம்லே. உக்காரு."

அவசரத்தில் மேலே ஏற்றிய சாமான்களில் புளிப் பானையும் இருந்தது. அதிலிருந்து பதினைந்து கொட்டை. தொட்டிச் செடியிலிருந்து மூன்று கல். முதல் ஆட்டத்தில் ஏழு நிமிஷத்தில் தோற்றான். "ரொம்ப சிம்பிளா இருக்கே" என்றான். இரண்டாவதில் ஐந்து நிமிஷம். அதன்பிறகு சிம்பிள் என்ற வார்த்தை வரவில்லை. இருட்டி மெழுகுவர்த்தி ஏற்றியபோது ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. "சாப்பிட வாங்க ரெண்டு பேரும்" என்று அவன் ஆச்சி மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

இந்த ஆட்டத்தில் பார்க்க ஒன்றுமே இல்லை. நாலு கோடும் கொட்டையும்தான். ஆனாலும் அது ஒரு பத்தொன்பது வயசுப் பையனைக் கட்டிப்போட்டது. இதே கேள்விக்கு அறுபது வருஷத்துக்கு முன்னால் நான் தப்பான பதில் சொன்னவன். அதனால்தான் இதை எழுதத் தோன்றியது.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். அப்பாவுக்கு அங்கே உத்தியோகம். அம்மாவுக்கு ஊர் ஏரல். பெரிய லீவுக்கு இங்கே வருவோம். பெரிய மாமா கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடையில் கணக்கு எழுதினார். படிப்பு மூன்றாம் வகுப்பு. சாயங்காலம் கடை அடைத்ததும் ஆற்றங்கரைக் கல்மண்டபத்துக்குப் போய்விடுவார். அங்கே தரையில் உளியால் கொத்திய புலிக்கட்டம் ஒன்று இருந்தது. எத்தனையோ பேர் விரல் பட்டு வழுவழுத்துப் போன கோடுகள். அவரைச் சுற்றி ஆறேழு பேர் எப்போதும் நிற்பார்கள்.

1964 லீவுக்கு நான் ஒரு பெட்டியோடு வந்தேன். பள்ளியில் பரிசாகக் கிடைத்த 'தாம்' பலகை. பிரெஞ்சுக்காரர்களின் அந்த ஆட்டத்துக்கு நூறு கட்டம், ஆளுக்கு இருபது காய். கறுப்பும் வெளுப்புமாக மெருகு போட்ட மரக்காய்கள், உள்ளே பச்சை வெல்வெட். மண்டபத்தில் மாமா "வா மருமவனே, ஒரு கை போடு" என்று கூப்பிட்டார். நான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இது மாடு மேய்க்கிறவங்க ஆட்டம், எங்க ஊர்ல இதெல்லாம் ஆட மாட்டாங்க" என்றேன். பதின்மூன்று வயசு.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மாமா கொட்டைகளைத் துண்டில் முடிந்துகொண்டார். வீட்டுக்கு வந்து கைகால் கழுவிவிட்டு, "எங்க மருமவனே, ஒம் பெட்டிய எடு, பாப்போம்" என்றார். விதிகளைச் சொன்னேன். முதல் ஆட்டம் நான் ஜெயித்தேன். இரண்டாவது ஆட்டத்தில் நிறைய யோசித்தார், அதுவும் எனக்கே. மூன்றாவது அவருக்கு. நாலாவதும் ஐந்தாவதும் அவருக்கே. பெட்டியை மூடி என் கையில் கொடுத்துவிட்டு, "காய் நல்லா இருக்கு" என்றார். அவ்வளவுதான்.

அவர் எப்படி ஜெயித்தார் என்பது எனக்கு விளங்கப் பல வருஷம் ஆயிற்று. அதை விளக்க வேண்டுமானால் புலிக்கட்டத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஆடியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். மறந்தவர்கள் ஒரு தாளை எடுத்து வரைந்துகொண்டே படியுங்கள்.

உச்சியில் ஒரு புள்ளி. அதிலிருந்து கீழே நாலு கோடு விரிகிறது. அடியில் ஒரு கோடு அந்த நாலையும் சேர்க்கிறது. நடுவே மூன்று குறுக்குக் கோடுகள், இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு. நீட்டிய முனைகளை இடப்பக்கம் ஒரு கோடும் வலப்பக்கம் ஒரு கோடும் இணைக்கும். குறுக்குக் கோடு ஒவ்வொன்றிலும் ஆறு புள்ளி, ஆக 18. அடிக்கோட்டில் 4, உச்சியில் 1. மொத்தம் 23. மூன்று புலி, பதினைந்து ஆடு. எங்கள் மண்டபத்தில் ஒரு புலி உச்சியிலும், மற்ற இரண்டும் முதல் குறுக்குக் கோட்டின் நடுப்புள்ளிகளிலும் நிற்கும். ஆடு ஒவ்வொன்றாக இறங்கும். ஒரு ஆடு வைத்தால் ஒரு புலி நகரும். பதினைந்தும் இறங்கும் வரை வைத்த ஆடு அசையக் கூடாது. புலி நேர்கோட்டில் ஆட்டைத் தாண்டிக் காலிப் புள்ளியில் குதித்தால் ஆடு வெட்டு. மூன்று புலியையும் நகர விடாமல் அடைத்துவிட்டால் ஆட்டுக்காரன் ஜெயம்.

விதி இவ்வளவுதான். ஒரு ஆடும் சாகாமல் பதினைந்தும் இறங்கிவிட்டால் பலகையில் மீதி காலி இடம் ஐந்தே ஐந்து. கஷ்டம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

புதிதாக ஆடுகிறவன் புலிக்குப் பக்கத்தில் ஆட்டை வைப்பான், புலியைத் தடுக்க வேண்டும் என்று. என் பேரனும் அதைத்தான் செய்தான். முதுகுக்குப் பின்னால் காலி இருந்தால் அந்த ஆடு அப்போதே செத்த ஆடு. மாமா வேறு மாதிரி இறக்குவார். பக்கக் கோடுகளின் நாலு முனையும் அடிக்கோட்டின் இரண்டு முனையும் எந்தக் கோட்டுக்கும் நடுவில் இல்லை. அவற்றைத் தாண்டிக் குதிக்கவே முடியாது. அந்த ஆறும் முதலில் நிரம்பும். அடிக்கோட்டில் இரண்டு முனையும் நிரம்பிவிட்டால் நடுவில் உள்ள இரண்டு புள்ளியும் தானாகவே பத்திரம். பக்கக் கோட்டில் மேலும் கீழும் நிரம்பிவிட்டால் நடு ஆடும் பத்திரம். ஆக 4, 3, 3. பத்து ஆடு தொட முடியாத சுற்றுச்சுவர். புலிக்காரன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டான், சுவரில் தானே வந்து உட்கார்ந்துகொள்வான் என்பது வேறு விஷயம்.

சரி, சுவர் கட்டியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். மீதி ஐந்து ஆடு உள்ளே இறங்கித்தான் ஆக வேண்டும். உள்ளே இருப்பது பதின்மூன்று புள்ளி, மூன்று புலி. அது ஒரு சோதனை. அதைவிடப் பெரிய சோதனை, பதினைந்தும் இறங்கிய பிறகு வருகிறது. இனி ஆட்டுக்காரன் தன் முறைக்கு எதையாவது நகர்த்தியே தீர வேண்டும். "இந்தத் தடவை வேண்டாம்" என்று சொல்ல வழியில்லை. பாடுபட்டுக் கட்டிய சுவரைத் தன் கையாலேயே பிரிக்க வேண்டும். எந்தக் கல்லை முதலில் உருவுவது? அதைப் பத்தாவது ஆடு இறங்கும்போதே யோசித்திருக்க வேண்டும். மாமா யோசித்திருப்பார்.

சதுரங்கக்காரர்களுக்கு இந்த நிலைமை நன்றாகத் தெரியும், அதற்கு ஜெர்மன் மொழியில் ஒரு தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். எங்கள் மண்டபத்தில் பெயரெல்லாம் கிடையாது. "இப்பம் என்ன செய்வ?" என்று சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள்.

இதில் பகடை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். தாயம் அப்படியில்லை, விழுகிற எண் கை கொடுத்தால் முட்டாளும் ஜெயிப்பான். திருக்குறளில் சூதுக்கு ஒரு அதிகாரமே இருக்கிறது, 94ஆவது. புலிக்கட்டத்தில் தோற்றவன் கவற்றைக் குறை சொல்ல முடியாது. வீட்டுக்குள் பெண்கள் ஆடிய பல்லாங்குழியும் அப்படித்தான். பதினாலு குழி, கை நிறையச் சோழி, முழுக்க முழுக்க எண்ணிக்கை. என் ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் குழியில் உள்ளதை அள்ளுவதற்கு முன்பே கடைசிச் சோழி எங்கே விழும் என்று சொல்லிவிடுவாள். அவளோடு ஆட யாரும் பிரியப்படுவதில்லை.

இந்த ஆட்டத்துக்கு எவ்வளவு வயசு? தமிழ்நாட்டில் பல கோயில் மண்டபத் தரைகளில் இத்தகைய கட்டங்களைப் பார்க்கலாம். ஆனால் மண்டபம் கட்டிய காலத்தைக் கட்டத்தின் காலமாகச் சொல்லிவிட முடியாது. ஆயிரம் வருஷத் தரையில் போன தலைமுறை ஆள் உட்கார்ந்து கொத்தியிருக்கலாம். கீழடியில் சுடுமண் சில்லுகளும் ஆட்டக்காய்களும் தந்தப் பகடையும் கிடைத்திருக்கின்றன. நம்மவர்கள் அந்தக் காலத்திலேயே ஆடினார்கள் என்பதற்கு அது சாட்சி. எந்த ஆட்டம் என்று காய் சொல்லாது. கோடு கிழித்த மண் என்றைக்கோ கரைந்திருக்கும்.

பரப்பைப் பற்றி மட்டும் உறுதியாகப் பேசலாம். தெலுங்கில் புலி மேக, கன்னடத்தில் ஆடு ஹுலி. நேபாளத்தில் பாக் சால் என்று பெயர், இருபத்தைந்து புள்ளிச் சதுரம், மூலைக்கு ஒன்றாக நாலு புலி, இருபது ஆடு. சிலோனில் நீர்ப்பாசன இன்ஜினியராக இருந்த ஹென்றி பார்க்கர் 1909இல் வெளியிட்ட பண்டைய இலங்கை பற்றிய நூலில் இத்தகைய ஆட்டங்களுக்கு நிறையப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார். அங்கே புலி கிடையாது, காட்டில் இருப்பது சிறுத்தைதான். எனவே சிங்களவர்களின் ஆட்டத்தில் சிறுத்தை. பிரான்சிலோ நரியும் கோழிகளும். சிலுவை வடிவப் பலகையில் முப்பத்து மூன்று புள்ளி, ஒரே நரி, பதின்மூன்று கோழி. நான் படித்த பள்ளியிலேயே அந்தப் பலகை ஒன்று இருந்தது. மாமாவைப் பழித்த அதே வருஷம் அதில் நான் கோழிகளை நகர்த்திக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒரே இனம் என்பது எனக்கு உறைக்கவில்லை. ஒன்று பெட்டிக்குள் இருந்தது, மற்றது தரையில் இருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

நேபாள ஆட்டத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு அலசியிருக்கிறார்கள், லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் என்ற இரண்டு பேர். இரண்டு பக்கமும் தப்பே செய்யாமல் ஆடினால் யாருக்கும் வெற்றியில்லை என்பது முடிவு. பாருங்கள், சாணி மெழுகிய தரையில் கரிக்கட்டையால் கிழித்த ஒரு ஆட்டம். அதன் முடிவைக் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டர் வேண்டியிருந்தது. அதைச் சரியான தராசில் நிறுத்தியவர்கள் யாரென்று நமக்குத் தெரியாது. புலி ஒன்று கூடினாலோ ஆடு ஐந்து குறைந்தாலோ ஆட்டம் சாய்ந்துவிடக்கூடும். எத்தனையோ தலைமுறை ஆடி ஆடித் திருத்தியிருக்க வேண்டும்.

இனி அழகு விஷயம். சதுரங்கக் காய்களைப் பற்றி ஒரு தகவல் சொல்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பாதி வரை ஐரோப்பாவில் ஊருக்கொரு விதமாகக் காய் கடைந்தார்கள். அடுக்கடுக்காக வளையம் வைத்த காய், கை பட்டால் சாயும் காய், ராணி எது மந்திரி எது என்று குழம்பும் காய். பாரிசில் கஃபே த லா ரெஜான்ஸ் சதுரங்கத்துக்குப் பேர்போன இடம். அங்கே ஆடிய காய்களிலும் இந்தச் சங்கடம் உண்டு. 1849இல் லண்டனில் ஜாக் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்த காய் ஸ்டான்டன் என்ற ஆட்டக்காரரின் பெயரைத் தாங்கியது. அடி கனம், உருவம் எளிமை, தூரத்திலிருந்து பார்த்தாலே எது எதுவென்று தெரியும். அதுதான் நிலைத்தது. 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த ஒலிம்பியாடிலும் ஆடியது அந்த வகைக் காய்தான். ஆழமாக ஆடுகிறவனுக்குக் கண்ணுக்கு விருந்து தேவையில்லை. எங்கே என்ன நிற்கிறது என்று சட்டென்று தெரிந்தால் போதும். மீதியை அவன் உள்ளே பார்த்துக்கொள்கிறான்.

இதைப் பேரனிடம் சொன்னபோது அவன் சிரித்தான். வெள்ளம் வடிந்து கரண்ட் வந்த பிறகு லேப்டாப்பைத் திறந்து ஒன்றைக் காட்டினான். கறுப்புத் திரை, அதில் டைப்ரைட்டரில் தட்டினது போல எழுத்தும் குறியும். முப்பத்தாறு வருஷம் ஆபீசில் குப்பை கொட்டியவன் நான், ஏதோ ஸ்டேட்மென்ட் என்று நினைத்தேன். விளையாட்டாம். ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ், அதாவது குள்ளர் கோட்டை. அமெரிக்காவில் டார்ன் ஆடம்ஸ், சாக் ஆடம்ஸ் என்ற அண்ணன் தம்பி செய்து 2006இல் இலவசமாக வெளியிட்டது. ஒரு எழுத்து என்றால் பூனை, வேறொரு எழுத்து என்றால் எதிரி. மலையைக் குடைந்து குள்ளர்களைக் குடிவைத்துக் காப்பாற்ற வேண்டும். எப்படியும் ஒருநாள் கோட்டை அழியும், தோற்பதும் ஒரு வேடிக்கைதான் என்பது அதை ஆடுகிறவர்களின் பேச்சு. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012இல் தன் சேகரிப்பில் சேர்த்த விளையாட்டுகளில் இதுவும் ஒன்று. 2022 கடைசியில் படம் போட்ட பதிப்பும் விற்பனைக்கு வந்துவிட்டது.

"அப்ப நீ ஏம்லே இன்னும் எழுத்துலயே ஆடுத?"

"படம் போட்டா அது அவங்க பூனை தாத்தா. எழுத்துன்னா என் பூனை."

நான் ஒரு பக்கம் எழுதியதை அவன் ஒரு வரியில் முடித்துவிட்டான். புளியங்கொட்டையை நாங்கள் ஆடு என்று நம்பியதும் அப்படித்தான். கொட்டைக்கு வாலும் இல்லை, கத்தவும் செய்யாது. ஆனாலும் ஒன்று வெட்டுப்பட்டால் மண்டபத்தில் "அய்யோ" என்று ஒரு சத்தம் எழும்.

அவனுடைய விளையாட்டுக்கும் நம்முடையதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அவன் தோற்றால் திரை தோற்கடிக்கிறது. எங்களைத் தோற்கடித்தது எதிரே உட்கார்ந்திருந்த ஆள். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே தோற்க வேண்டும். ஜெயித்தவர்தான் அடுத்த ஆட்டத்தில் "அதை அங்க வைக்காத" என்று சொல்லித் தருவார். புலிக்கட்டத்துக்குப் புத்தகம் கிடையாது. பலகையும் கிடையாது, ஆட்டம் முடிந்ததும் தண்ணீர் தெளித்தால் போய்விடும். மாமா மாதிரி ஆட்கள் தலையில்தான் அது இருந்தது. அந்தத் தலை தாம் பலகையைப் பார்த்தபோது அதற்குப் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. தாண்டிக் குதிப்பது, பின்னால் காலி விடாமல் நிற்பது, வேண்டாத நேரத்தில் நகரவேண்டி வருவது, எல்லாம் அவருக்குப் பழைய சரக்கு.

மாமா 1991இல் காலமானார். அதற்குள் எத்தனையோ தடவை ஊருக்கு வந்திருக்கிறேன், அவரோடு ஆடியும் இருக்கிறேன். அந்த மண்டபத்தில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டதில்லை. அவர் மறந்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அதன்பிறகு ஒருதடவைகூட அவராக என்னை "வா, ஒரு கை போடு" என்று கூப்பிட்டதில்லை. நானேதான் போய் உட்காருவேன்.

ஓய்வு பெற்று ஏரலுக்கே குடிவந்த பிறகு ஒருநாள் அந்த மண்டபத்துக்குப் போனேன். திருப்பணி நடந்திருந்தது. தரை முழுக்க டைல்ஸ், நல்ல பளபளப்பு. கட்டம் அதற்குக் கீழே சிமென்டில் இருக்கிறதா, கல்லையே பெயர்த்துவிட்டார்களா என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. திருப்பணி செய்தவர்களை நான் குறை சொல்லவில்லை, மழைக்கு ஒழுகிக்கொண்டிருந்த மண்டபம்தான் அது. கல்வெட்டு என்றால் நாலு பேர் தடுத்திருப்பார்கள். இது வேலையில்லாதவன் கிறுக்கினது என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கும். 1964இல் எனக்கும் அப்படித்தானே தோன்றியது. உங்கள் ஊர்க் கோயில், சத்திரம், படித்துறையில் இப்படி ஏதாவது கட்டம் மிச்சம் இருந்தால், அடுத்த திருப்பணி வருவதற்குள் ஒரு போட்டோவாவது எடுத்து வையுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து எடுங்கள், அளவு தெரியும்.

பேரன் சென்னைக்குப் போகும் முன் மாடி அறைக் கட்டத்தைத் தாளில் நகல் எடுத்து, உச்சியிலிருந்து அடி வரை புள்ளிகளுக்கு ஒன்று முதல் 23 வரை எண் போட்டான். ஒரு தாள் அவனிடம், ஒரு தாள் என்னிடம். இப்போது போனில் ஆடுகிறோம், நாளைக்கு ஒரு நகர்த்தல். புலி எனக்கு. அவன் ஆடுகளைக் கீழிருந்து இறக்கப் பழகிவிட்டான், இதுவரை இரண்டுதான் வெட்ட முடிந்தது. நேற்று ராத்திரி பதினாலாவது ஆட்டை 9இல் வைத்திருக்கிறேன் என்று சொன்னான். காலையிலிருந்து தாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் பதில் சொல்லவில்லை.